விலை பேசிய மலைத்தோட்டம்... மீட்டெடுத்த கடைசி மகள்!

திண்டுக்கல்லில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சிறுமலை. சாலை எட்டாத தோட்டங்களில் இருந்து வாழைத்தாரை இன்றும் குதிரைதான் சுமந்து வருகிறது. அப்படியொரு குதிரைத் தடத்தின் முடிவில் இருக்கிறது அந்த நான்கு ஏக்கர். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் உயில் எழுதாமல் இறந்த மறு வருடம், அண்ணன்கள் இருவரும் விலை பேசிவிட்டார்கள். வாங்க வந்தவர், தங்கும் விடுதி கட்ட இடம் தேடியவர்.

அண்ணன்களைக் குறை சொல்ல முடியாது. 1970-களில் முடிக்கொத்து நோய் மலைவாழையை அழித்தபோது நொடித்த குடும்பம் அது. பிள்ளைகள் பிழைப்புக்குக் கீழே இறங்கினார்கள். "காட்டுமாடு மேயுற தோட்டத்துல நீ வந்து என்னம்மா பண்ணப்போற?" என்றார் மூத்தவர். திருப்பூரில் 15 வருடம் பனியன் தைத்த தங்கைக்கோ, கையெழுத்துப் போட மனம் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாளில் வக்கீல் சொன்னதுதான் தோட்டத்தைக் காப்பாற்றியது. உயில் இல்லாமல் தந்தை இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அதோடு, பாகம் பிரிக்காத அந்தச் சொத்தில் ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்குக்குப் போகவில்லை. கணவரோடு பேசி, திருப்பூரில் வாங்கிப்போட்ட வீட்டுமனையை விற்றார் தங்கை. வெளியார் சொன்ன அதே விலையை அண்ணன்களுக்குக் கொடுத்தார். அண்ணன்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரத்துக்கு, வெளியாருக்கு எழுதும் கிரயத்தைவிட முத்திரைக் கட்டணம் குறைவு.

மலையேறியதும் வருமானம் வந்துவிடவில்லை. மிளகுக் கொடி காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை எலுமிச்சையும் காபியும்தான் கைச்செலவுக்கு. திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளை நட்டவர், முடிக்கொத்து கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்கிறார். நோயைப் பரப்பும் அசுவினியையும் கண்காணிக்கிறார். கடன் இன்னும் முழுதாக அடையவில்லை.

"பொங்கலுக்கு அண்ணன்க ரெண்டு பேரும் பிள்ளைகளோட வந்தாங்க. 'தாத்தா வச்ச பலா எது அத்தை?'னு கேட்டுச்சுங்க. காட்டுறதுக்கு மரம் இருந்துச்சு" என்கிறார்.

விற்கும் முன்...

* அட்வான்ஸ் வாங்கும் முன்பே எல்லா வாரிசுகளிடமும் பேசுங்கள்; மகள்களை விட்டுவிடாதீர்கள்.
* வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.
* திரும்பி வருபவர், மூன்று வருடச் செலவுக்கு வழி செய்துகொண்டு மலையேறுவது நல்லது.