கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரட்டும்

குடிமையியல் என்றாலே பாடத்தின் கடைசியில் இருக்கும் வினாக்களுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்வது என்றாகிவிட்டது. பிள்ளைகளையே கேள்வி எழுதவைக்கும் முறை ஒன்று இருக்கிறது. நமது டிரஸ்டின் மாலை வகுப்புகளுக்கு அது நன்றாகப் பொருந்தும் என்று கருதுகிறோம்.

அதைத் தூண்டியவர்கள் பெற்றோர்கள்தாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ், குடியேறிய தொழிலாளர்கள் நிறைந்த ஊர். பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்துவதைத் தடுக்க அங்கே சிலர் வேலை செய்தார்கள். பள்ளிக்கு வந்தால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை, அதனால் வருவதில்லை என்றார்கள் பெற்றோர். கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். அவை தீர்ந்ததும் பெற்றோர் மறுபடி கேட்டு வந்தார்கள். பிறகுதான் கேள்வி உருவாக்கவே கற்றுக்கொடுத்தார்கள். டான் ரோத்ஸ்டைன், லூஸ் சந்தானா இருவரும் 2011-இல் இதை வகுப்பறைக்கான நூலாக எழுதினார்கள்.

ஆசிரியர் பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுகிறார்: '18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு.' நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து, தோன்றும் கேள்விகளையெல்லாம் சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். நடுவே பதில் சொல்லக் கூடாது. 'இது ஒரு கேள்வியா?' என்று சிரிக்கவும் கூடாது. ஆசிரியரும் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கு அதுதான் கஷ்டம்!

'முன்பு வயது எத்தனை?' என்று ஒரு பிள்ளை கேட்கும். 21, 1989-இல்தான் 18 ஆனது. 'உம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை, ஓட்டுப் போடலாமா?' என்று இன்னொன்று கேட்கும். முடியாது என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். அதனால் அடுத்த கட்டத்தில் அதையே மாற்றி எழுதச் சொல்கிறார்கள்: 'பெயர் எப்படி விடுபடுகிறது? சேர்க்க என்ன செய்ய வேண்டும்?' இப்போது பிள்ளை தேடியாக வேண்டும். வீடு மாறியது, நிக்காஹ் முடிந்து ஊர் மாறியது எல்லாம் வெளியே வரும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 என்று கண்டுபிடிக்கும். துபாயில் இருக்கும் மாமாவுக்கு என்ன வழி என்றும் கேட்கும். இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் அவருக்குப் படிவம் 6ஏ. ஆனால் பாஸ்போர்ட்டோடு ஊருக்கு வந்துதான் வாக்களிக்க முடியும்.

கடைசியில் ஒவ்வொரு குழுவும் முக்கியமான மூன்று கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, பதில் யாரிடம் கிடைக்கும் என்று முடிவு செய்கிறது. இங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலரையே வகுப்புக்கு அழைக்கலாம். பரீட்சைக்கு இது உதவாது என்று சிலர் சொல்வார்கள். தானே தேடிய விடையை எந்தப் பிள்ளையும் சீக்கிரம் மறப்பதில்லை.

வகுப்பு முடிந்து வரும் பிள்ளை வாக்காளர் பட்டியலைக் கேட்டால் விரட்டாதீர்கள். வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று அதையே பார்க்கச் சொல்லுங்கள். 17 வயது நிரம்பியவர்களும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். 18 நிரம்பியபின் பெயர் ஏறும்.