சவரனில் ஒளிந்திருக்கும் எழுத்துகள்

விக்டோரியா ராணி காலத்துத் தங்கச் சவரன் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். 1871-லிருந்து வந்த காசுகள் பலவற்றில் குதிரை மேல் புனித ஜார்ஜ், அடியில் டிராகன், அதற்கும் கீழே ஆண்டு. ஆண்டுக்கு வலப்பக்கம், விளிம்பையொட்டி, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் இரண்டு எழுத்துகள்: பி.பி. பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. ரோமில் பிறந்து லண்டனில் குடியேறிய இந்தச் செதுக்குக் கலைஞர்தான் 1817-இல் சவரனுக்காக அந்தக் குதிரைவீரனை வடித்தவர். அடுத்த ஆண்டு வந்த வெள்ளி கிரவுனில் தன் பெயரை முழுசாகவே, இரண்டு பக்கமும் பொறித்துவிட்டார். அந்தக் கைக்கு அந்த உரிமை உண்டு என்றே சொல்வேன்.

சில சவரன்களில் பி.பி. இருக்காது. அச்சில் எழுத்து ஒரு நுண்ணிய குழி. அதில் பிசுக்கு அடைத்துக்கொண்டால் தங்கம் உள்ளே புகாது. அச்சைத் தேய்த்து மெருகேற்றினாலும் குழி மறைந்துபோகும். ஆனால் காசு புழங்கித் தேய்ந்தும் எழுத்து அழியலாமே? பக்கத்திலுள்ள ஆண்டு எண்களையும் தரைக்கோட்டையும் பாருங்கள். அவை கூர்மையாக இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், காரணம் பெரும்பாலும் அச்சுதான். அவையும் மழுங்கியிருந்தால் அது வெறும் தேய்மானம். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இன்னும் நுட்பமானது 1853-ஆம் ஆண்டுச் சவரன். ராணியின் கழுத்து வெட்டுப்பட்டு முடியும் இடத்தில் டபிள்யூ.டபிள்யூ. என்றிருக்கும், தலையை வடித்த வில்லியம் வயனின் முதலெழுத்துகள். அதே ஆண்டுக் காசுகளில் சிலவற்றில் அவை புடைத்து நிற்கும், சிலவற்றில் குழிந்திருக்கும். காசில் புடைத்தால் அச்சில் குழி, காசில் குழிந்தால் அச்சில் மேடு. ஆக, ஒரே ஆண்டில் இருவகை அச்சுகள் வேலை செய்திருக்கின்றன. காசைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதே விடை சொல்லிவிடும்.

1918-இல் பம்பாயிலும் சவரன் அச்சிட்டார்கள். ஆண்டுக்கு மேலுள்ள தரைக்கோட்டின் நடுவில் 'ஐ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. பதக்கத்தில் கட்டிய பழைய பவுன் காசு வீட்டில் இருந்தால் அந்த இடத்தைப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் மட்டும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.