பாதம் வரைந்த தாள்

கண்டியிலிருந்து தம்புள்ளை போகும் பஸ்ஸில் எந்த நாள் ஏறினாலும் வெள்ளைக்காரப் பெண்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள். முதுகில் ஆளை மறைக்கிற பை, கையில் தண்ணீர்ப் போத்தல், துணைக்கு யாரும் இல்லை. போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆசிரியையாம். கடைசி மகனும் படிக்க வெளியூர் போய்விட்டான், வெறும் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, லீவு போட்டுவிட்டு சிகிரியா பார்க்கக் கிளம்பிவிட்டேன் என்றார். நல்ல விஷயம்தான். சிகிரியாவும் தம்புள்ளைக் குகைக் கோயிலும் எங்கள் மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் மாத்தளையில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. புதுச் சூட்கேஸ், அதன் கைப்பிடியில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு ரிப்பன். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு பிள்ளை, சல்வார் நுனியைப் பிடித்தபடி இன்னொன்று. மாமியார் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் பயணம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தாய் தனியாக வெளிநாடு போகிறாள் என்றால் அது இரண்டு வருஷம். எக்ரிமென்ட் அவ்வளவு.

அந்த ஆசிரியை பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு பயணம் கிளம்பினார். இந்தப் பெண் ஒரு எக்ரிமென்டுக்குப் பின் இன்னொன்று என்று போய், பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள்.

பிரிந்து போவதும் பிரிந்து வருவதும் மாத்தளைக்குப் பழக்கம்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நாள்கணக்கில் நடந்துவந்த சனம் மலையேறிய வாசல் இந்த ஊர். 2023இல், அந்தச் சனம் வந்து 200 ஆண்டானதைக் குறித்த ‘மலையகம் 200’ நினைவாக, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் வந்து முடிந்ததற்கு அதுதான் காரணம். கோப்பிக்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். தேயிலை வந்த பிறகுதான் கொழுந்துக் கூடையோடு பெண்களும் பெருமளவில் வந்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அண்ணன் அக்கரைக்கும் தங்கை இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. மிஞ்சியவர்களின் குடியுரிமை விவகாரம் 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகுதான் ஓய்ந்தது. அடையாள அட்டையே இல்லாதவளுக்கு ஏது பாஸ்போர்ட்? ஊர்ப்புறத்துப் பெண்கள் 80களிலேயே குவைத்துக்கும் சவூதிக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்தபோது தோட்டத்துப் பெண்கள் பிந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பிந்தினாலும் சேர்ந்துகொண்டார்கள்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 90களின் நடுப்பகுதியில் வேலைக்காக நாட்டை விட்டுப் போன நான்கு பேரில் மூன்று பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். நாடு டொலர் எண்ணியது அவர்கள் கழுவிய பாத்திரத்தில்.

எங்கள் மாவட்டத்து ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் அக்கா ஒருவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 2009இல் முதல் தடவையாகக் குவைத் போனார். மகளுக்கு அப்போது நாலு வயது, மகனுக்கு இரண்டு. அப்புறம் சவூதி, திரும்பவும் குவைத். இடையில் வந்து வந்து போனதைக் கழித்தால் பதினொரு வருஷம் வெளியே இருந்திருக்கிறார். போகும்போது தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருந்த பேரை வெட்டிவிட்டார்கள். புருஷனுக்குத் தோட்டத்தில் பேர் இருந்ததால் லயத்துக் காம்பரா மட்டும் தப்பியது.

“அங்க வீட்டுக்காரியை ‘மாமா’ன்னு கூப்பிடணும் தம்பி. அவுங்க பாசையில அம்மான்னு அர்த்தமாம். எனக்கு மொதல்ல சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. வீட்டுல போன் எடுக்கையில ‘மாமா திட்டுனாங்க’ன்னு சொன்னா எங்கம்மா, எந்த மாமான்னு கேக்கும்” என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேல் அந்த வீடுகளைப் பற்றி அவர் சொல்வது குறைவு. நானும் தோண்டிக் கேட்டதில்லை.

அவரிடம் நான் பார்த்த ஒரு பொருளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த கணக்குக் கொப்பித் தாள்கள். விரித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளைக் காலின் கோடு. தாளைத் தரையில் போட்டு, பிள்ளையை ஏறி நிற்கச் சொல்லி, அம்மாயி பென்சிலால் சுற்றி வரைந்தது. கட்டைவிரல் பக்கம் பிள்ளை கூசி அசைந்திருக்கிறது போல, கோடு நெளிந்து கிடக்கிறது. செருப்பு வாங்க அளவு. தோட்டத்திலிருந்து குவைத் போகிற வேறொருத்தி கையில் கொடுத்தனுப்பி, அது இவர் கைக்குப் போய்ச் சேர நாலைந்து மாதம். அடுத்து ஊர் திரும்புகிற யாராவது ஒருத்தியின் பெட்டியில் பால்மா டின், கோடாலித் தைலம், சவர்க்காரக் கட்டிகளுக்கு நடுவே இடம் கேட்டு, வாங்கிய செருப்பைக் கொடுத்து அனுப்பி, அது லயத்துக்கு வந்து சேரும்போது ஒரு வருஷம் ஓடியிருக்கும். குதிகால் வெளியே நிற்கும்.

“அளவெல்லாம் சரியாத்தான் வாங்குனேன். அளவு நின்ன எடத்துல நின்னுச்சு. காலு வளந்துருச்சு.”

இனி அரசாங்கம் வைத்திருந்த அளவுகோலுக்கு வருவோம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் பதினேழு வயதில், வயதைக் கூட்டி எழுதிய பாஸ்போர்ட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டார். அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே கலங்கியது. அந்த வருஷமே பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதைக் கூட்டினார்கள், சவூதிக்கு 25. கூடவே குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றானது. அதற்கு மேலே இருந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார் என்று பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் விசாரித்து ஒப்பம் வைக்க வேண்டும். ஒரு பெண் இதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது.

பிள்ளை நலன் என்ற பேரில் வந்த விதி. அந்த அக்கறையை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் கட்டாரில் சாரதி வேலைக்குப் போகும் தகப்பனிடம் வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று எவரும் அறிக்கை கேட்டதில்லை. தாயிடம் மட்டும் கேட்டார்கள். விதி இறுகியதும் என்ன நடந்தது? அடுப்பு எரிய வேண்டிய வீடுகளில் பெண்கள் போகாமல் இருந்துவிடவில்லை. சப் ஏஜெண்டுகள் வேறு வழி காட்டினார்கள், விசிட் விசா உட்பட. 2022 நவம்பரில் ஓமானுக்கு அப்படிக் கொண்டுபோகப்பட்டுத் தவித்த பெண்களின் கதை வெளியே வந்தபோதுதான் பலருக்கு அந்த வழியின் முடிவு தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2022இல், எரிபொருள் வரிசையில் நாடு நின்ற நேரத்தில், டொலர் இல்லாமல் போனதும் அரசாங்கத்தின் மனம் இளகியது. ஜூன் மாதத்தில் குறைந்தபட்ச வயது எல்லா நாட்டுக்கும் 21 ஆனது. ஐந்து வயது என்றிருந்த பிள்ளையின் வயதெல்லை இரண்டாக இறங்கியது. ஒன்பது வருஷத்தில் மாத்தளைப் பிள்ளைகளுக்குத் தாய் தேவைப்படும் காலம் மூன்று வருஷம் குறைந்துவிட்டதா? திறைசேரியில் டொலர் குறைந்தது, அவ்வளவுதான். அந்த வருஷம் 3 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். 2022இல் சுமார் 379 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2023இல் 597 கோடியாக ஏறியது.

தோட்டத்தில் இருந்தே சம்பாதித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021இல். பல வருஷம் தெருவில் நின்று வாங்கியது. 2024இல் 1,350. அதுவும் பேர் விழுகிற, அதாவது முழு நாள் வேலையாகக் கணக்கில் சேர்கிற நாளுக்குத்தான். அரைப் பேர் போட்டால் பாதி. தேயிலை, ரப்பர், கொக்கோ, மிளகு என்று கலந்து கிடக்கும் எங்கள் பக்கத்தில் மாதம் முழுக்க வேலை கொடுக்காத தோட்டங்கள் எத்தனையோ. திரும்பி வந்த அக்கா இப்போது அதே தோட்டத்தில் பேர்ப்பதிவு இல்லாமல் கைக்காசுக்குப் போகிறார். சேமலாப நிதி கிடையாது. பதினொரு வருஷ உழைப்பில் மிஞ்சியவை: காம்பராவுக்கு முன்னால் இழுத்துக் கட்டிய ஒரு அறை, சிமெந்துத் தரை, மகளின் தோடு, அடைத்து முடித்த கடன்.

ஐந்து வயதா இரண்டு வயதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த எல்லோரும் பதின்மூன்று வயதை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் குறை. கைக்குழந்தையை அம்மாயியோ அப்பாயியோ தூக்கி வைத்துக்கொள்வார்கள்; தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பராவும் இருக்கிறது. ஆனால் பெரிய பிள்ளை வயதுக்கு வரும்போது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது, தம்பிக்குச் சோறும் ஆக்கி, அப்பனின் குடிக்கும் முகம் கொடுக்கும்போது, எந்த அறிக்கையிலும் அவளுக்கு ஒரு பந்தி கிடையாது. இந்த அக்காவின் மகள் பதினோராம் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

அக்கா நிரந்தரமாகத் திரும்பி வந்தது 2024இல். மகளுக்குப் பத்தொன்பது. மூன்று மாதத்துக்குள் மகள் கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டாள், கட்டுநாயக்கவுக்கு. மகன் அதற்கு முன்பே கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, அங்கேயே படுத்து எழும்புகிறான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் தெரிந்த பாதைகள்.

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விமானங்கள் இறங்குகிற சத்தம் போர்டிங் அறைக்குள் கேட்கும். மகளைக் கொண்டுபோய் விட அக்காதான் போயிருக்கிறார். குருநாகல் வழியாக அதே ரோட்டு, அதே திருப்பம். “நான் எத்தன தடவ இந்தப் பக்கம் வந்திருப்பேன். அதுக்குப் பக்கத்துலயே புள்ளைங்க வேல செய்யிற எடம் இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்” என்றார். போர்டிங்கில் நாலு பிள்ளைகளுக்கு ஒரு அறை. மகளின் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, போட்டிருந்த செருப்பைப் பார்த்து என்ன அளவு என்று கேட்டாராம். “ஆறும்மா” என்றாளாம் மகள். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் ஒன்றும் இல்லை. மிளகு உதிர்த்துக்கொண்டே சொன்னார்.

போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒரு காலத்தில் கேசட்டில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார்கள். அப்புறம் ரத்தோட்டை டவுனில் கொமியூனிகேஷன் கடையில் நேரம் சொல்லிக் காத்துக்கிடந்தார்கள். இப்போது ஐஎம்ஓ. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாத்தளை வீதியில் வரும்போது, கூட்டத்தில் எத்தனையோ கைகள் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். எதிர்முனையில் ஏதோ ஒரு சமையலறையில் சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு தாய் அம்மனைக் கும்பிடுவாள். பிள்ளை அம்மனைக் காட்டும், தன் முகத்தைக் காட்டாது. இன்று தேர் பார்க்கிற பக்கம் அக்கா இருக்கிறார், காட்டச் சொல்லிக் கேட்கிற பக்கம் மகள். லீவு கிடைக்கவில்லையாம்.

போகாதீர்கள் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக் கணக்கை நான் கட்டப் போவதில்லை. அரசாங்கத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தாயிடம் கேட்கும் கேள்வியைத் தகப்பனிடமும் கேளுங்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் நேரிலேயே போய்க் கேளுங்கள். உத்தியோகத்தர் இருக்கிறார், பிரதேச செயலகமும் இருக்கிறது.

போகிறவர்களுக்கும் ஒன்று. பணியகத்தில் பதியாமல், விசிட் விசாவில், எந்த ஏஜெண்டின் பேச்சை நம்பியும் ஏறாதீர்கள். எக்ரிமென்டின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. அதைப் புருஷனிடம் சொன்னால் மட்டும் போதாது, பெரிய பிள்ளையின் கொப்பியில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.