சன்னலில் தெறித்த சாயம்

தீபாவளி நெருங்கினால் நம் இல்லச் சுவர்களுக்குப் புதுச் சாயம் பூசுகின்றோம். சன்னல் சட்டங்களில் தெறித்துக் காய்ந்த துளிகளைக் கத்தியால் சுரண்டுவோர் பலர். அதனால் சட்டமே கீறலுறும்.

நீரில் கலந்து பூசும் சாயமாயின், சவர்க்காரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைத் துளியின்மேல் பத்து நிமிடம் வைத்திருப்போம். இளகியதும் பிளாஸ்டிக் அடிக்கோலின் விளிம்பால் மெல்லத் தள்ளினால் பெயர்ந்துவிடும்.

பழைய வீடுகளில் மிகுந்த விழிப்பு வேண்டும். முற்காலச் சாயங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. சட்டத்தின் பழஞ்சாயத்தை உலரச் சுரண்டினால் எழும் தூசு, சிறுவர்தம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே அங்கு, பெரியோர் மட்டுமே, நனைத்துத் துடைத்தல் வேண்டும். வீட்டின் பொலிவினும் பிள்ளைகளின் நலமே பெரிதன்றோ?