‘அப்பா ஓட்டிய கார் இல்லை!’: ஓல்ட்ஸ்மொபைல் கதை முடிந்தது எப்படி?

1985-ல் 10 லட்சம் கார்களுக்கு மேல் விற்ற பிராண்டு, 20 வருஷத்துக்குள் காலி. பெயர், ஓல்ட்ஸ்மொபைல்.

1897-ல் ரான்சம் ஓல்ட்ஸ் மிச்சிகனின் லான்சிங்கில் தொடங்கியது. 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. செவர்லே ஓட்டியவர் கொஞ்சம் வசதியானதும், கேடிலாக்குக்குக் காசு சேரும் முன் வாங்குகிற கார் இதுதான். 1949-ல் வந்த ‘ராக்கெட் வி8’ இன்ஜின்தான் இதன் கெத்து.

அந்தக் கெத்திலேயே கை வைத்தார்கள். 1977-ல் ராக்கெட் இன்ஜினை நம்பி வாங்கியவர்களில் பலர் பானெட்டைத் திறந்தால், உள்ளே செவர்லே இன்ஜின்! கோர்ட், கேஸ், இழப்பீடு. அடுத்து வந்த டீசல் இன்ஜினும் பழுதாகிப் பழுதாகிப் பேரைக் கெடுத்தது. அப்போதும் விற்பனை படுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 80-களில் ஒரே நிறுவனத்தின் ப்யூக், பான்டியாக், ஓல்ட்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆனதும், ‘இதுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா காசு?’ என்ற கேள்வி வந்தது. ஜப்பான் கார்கள் வேறு எதிரில் நின்றன.

1988-ல் ‘இது உங்க அப்பா ஓட்டின ஓல்ட்ஸ்மொபைல் இல்லை’ என்று விளம்பரம். இளசுகள் வரவில்லை, காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்ததே அந்த அப்பாக்கள்தானே!

2000 டிசம்பரில் மூடும் முடிவு வந்தது. 2004 ஏப்ரல் 29-ல் லான்சிங் ஆலையிலிருந்து கடைசி கார், ஓர் அலேரோ, ஊழியர்களின் கையெழுத்துகளோடு வெளியே வந்தது.