போட்டோ எடுப்பதும் ஒரு கைத்தொழில்தான்!



கைத்தொழில் பயிற்சி என்றாலே தையல், ஊறுகாய், கருவாடு, பினாயில் என்றுதான் நாம் பட்டியல் போடுகிறோம். போட்டோவையும் சேர்க்கலாமா என்று கேட்டால், "அதெல்லாம் ஆம்பளைங்க வேலைங்க, கேமரா நமக்கெங்க வரும்?" என்பதே கூட்டங்களில் வரும் முதல் பதில். ஆனால் கணக்குப் பாருங்கள். வங்கிக் கணக்கு, நல வாரிய அட்டை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் போட்டோ வேண்டும். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து என்றால் அதற்கும் வேண்டும். இந்தப் பணமெல்லாம் நம் கையிலிருந்து போகிறது, நம்மிடம் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒரு பாட்டி இறந்துபோனால், மாலை போட்டு வைக்க நல்ல படம் இருக்காது. வாக்காளர் அட்டையில் இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்குவார்கள், முகம் கலங்கிப் போயிருக்கும். காலமெல்லாம் உழைத்த முகத்துக்கு ஒரு தெளிவான படம்கூட இல்லை என்றால் அது குறைதானே?

பெண்களுக்கு இது புதிதா?

இல்லை. ஐதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892-லேயே பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ திறந்தார். ஆண் முன்னால் உட்கார்ந்து படம் எடுக்கத் தயங்கிய பெண்கள் அங்கே வந்தார்கள். அதை நடத்தியவரும் ஒரு பெண். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவுக்கு 2011-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். புகைப்படக்காரர் எம்.பழனிக்குமாரின் அம்மா மதுரையில் மீன் வாங்கி விற்றவர். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். 2022-ல் தயாநிதா சிங் – பாரி விருது பெற்றார். நம் எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு கையால் இறால் பிடிக்கும் பெண்களை இவர் படம் எடுத்திருக்கிறார். தான் எடுப்பதோடு நிறுத்தாமல், வியாசர்பாடி பிள்ளைகளுக்கும் நாகப்பட்டினம் மீனவப் பெண்களுக்கும் கேமராவைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். மீன் வெட்டும் கைக்கு கேமராவும் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பட்டறையில் என்ன கற்கிறோம்?

இது கரும்பலகைப் பாடம் இல்லை. ஒருவர் உட்கார, ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் எடுக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். செய்து பார்த்தால்தான் கை பழகும்.

1. ஜன்னல் வெளிச்சம்: முதல் ஸ்டுடியோ நம் வீட்டு ஜன்னல்தான். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கத்தில் ஒருவரைச் சற்றுச் சாய்வாக உட்கார வையுங்கள். ஒரு கன்னம் பளிச்சென்றும் மறு கன்னம் இருட்டாகவும் தெரியும். இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள், நிழல் இளகிவிடும். கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் முகத்துக்கு உயிர் வரும்.

2. பெரிய வெளிச்சம், மெதுவான நிழல்: உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மேகம் மூடினால் அந்த நிழல் போய்விடும். ஏனென்றால் அப்போது வானமே பெரிய விளக்காகிறது. ஸ்டுடியோவில் பிளாஷுக்கு வெள்ளைக்குடை மாட்டுவதும் இதற்குத்தான். விளக்கு தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்வாக இருக்கட்டும்.

3. விளக்கின் தூரம்: 3 அடியில் இருக்கும் விளக்கை 6 அடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அதனால் ஒரு அடி நகர்த்தினாலும் படம் மாறும்.

4. எடுப்பவர் நிற்கும் இடம்: செல்போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, கண் மட்டத்தில் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். உட்காருபவர் சுவரை ஒட்டாமல் நாலு அடி முன்னே இருந்தால் சுவரில் நிழல் விழாது.

5. பாஸ்போர்ட் சைஸ்: அளவு 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரம். 4-க்கு 6 அங்குலத் தாள் ஒன்றில் எட்டுப் படம் அடங்கும். நம் ஊரில் தினமும் கேட்கப்படும் சரக்கு இதுதான்.

நம் நிறம் நம் நிறமாகவே வரட்டும்

"நான் போட்டோவுல கருப்பா விழுவேன், வேணாங்க" என்று ஒதுங்குபவர்கள் அதிகம். குறை முகத்தில் இல்லை. வெள்ளைத் துணி முன்னால் ஒருவரை நிறுத்தினால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா தானாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மங்கலாக்கும். முகம் அதில் கருத்துவிடும். இதற்கு வழி சுலபம். செல்போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கேமராவில் பிளஸ் பக்கம் கொஞ்சம் கூட்டுங்கள்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பல வருடங்கள் அவர் தோலுக்கு ஏற்றபடியே நிறத்தைச் சரிபார்த்தார்கள். நம் தோலை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கித் தருவது இன்று வழக்கமாகிவிட்டது. கற்றுக்கொண்ட நாம் அதைச் செய்ய வேண்டாம். கறுத்த தோலில் வெளிச்சம் அழகாக மின்னும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

எண்ணூர்க் காற்றும் கேமராவும்

உப்புக்காற்றும் ஈரமும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். சாம்பல், தூசி படிந்தால் புடவைத் தலைப்பால் துடைக்கக் கூடாது. முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு, பிறகு மென்துணியால் துடைக்கலாம். வெளியில் எடுக்கும்போது கடற்காற்று குடைவிளக்கைச் சாய்த்துவிடும். ஸ்டாண்டு காலில் மணல் மூட்டை கட்டுங்கள்.

கடன் முதலில் வேண்டாம்

கேமரா வாங்கக் குழுவில் கடன் கேட்கும் முன் செல்போனிலும் வாடகைக் கேமராவிலும் பழகுங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் பட்டியலில் போட்டோ, வீடியோ பயிற்சியும் இருக்கிறது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் இலவசம். அடுத்த பயிற்சி எப்போது என்று உங்கள் மாவட்ட நிலையத்தில் விசாரியுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு செட் விளக்கு வாங்கினால் சுமை குறையும். பிரிண்ட், தாள், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் எழுதிக் கழித்த பிறகு கையில் நிற்பதுதான் லாபம்.

நம்பிக்கைதான் முதல்

ஒரு பெண் நம் கேமரா முன் தைரியமாக உட்காருகிறாள் என்றால், படம் வேறெங்கும் போகாது என்ற நம்பிக்கைதான் காரணம். கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதை எடுப்பவரும் அறிய வேண்டும், உட்காருபவரும் அறிய வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். பிறகு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, குழுவில் மூத்தவரை முதலில் உட்கார வைத்து எடுங்கள். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். ஆர்வமுள்ளவர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் பகுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பட்டறைக்கான ஏற்பாட்டை நாம் சேர்ந்து செய்வோம்.