சேசிஸ் நம்பரைப் படியுங்கள்

‘செகண்ட்ஹேண்டில் பைக் வாங்கியிருக்கிறேன். கம்பெனி ரீகால் அறிவித்தால் எனக்கும் செல்லுமா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். செல்லும். குறை வண்டியுடையது, ஆர்.சி. யார் பெயரில் இருந்தால் என்ன? சரிசெய்யும் செலவு கம்பெனியைச் சேர்ந்தது.

2021 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கோளாறு இக்னிஷன் காயிலில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புவது அதன் வேலை. அது கெட்டால் இன்ஜின் மிஸ்ஸாகும், இழுவை குறையும், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம். நூற்றில் பத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றது நிறுவனம். ஆனால், அவை எவை என்பது சோதித்தால்தானே தெரியும்? ஆகவே எல்லாவற்றுக்கும் அழைப்பு.

அழைத்த வண்டிகளில் உங்களுடையதும் உண்டா என்று அடையாளம் காட்டுவது சேசிஸ் நம்பர். ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டுக் கழுத்துக் குழாயைப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் அங்கேதான் பொறித்திருப்பார்கள். மொத்தம் 17 இடங்கள். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. 1, 0 என்று தவறாகப் படித்துவிடுவோம் என்பதால் விலக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் ஒன்பதாம் இடம் காவல்காரன். மற்ற பதினாறுக்கும் மதிப்புக் கொடுத்து, இடத்துக்கேற்ற எண்ணால் பெருக்கி, கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே உட்கார்ந்திருக்கும். மீதி 10 என்றால் எக்ஸ். ஓர் இலக்கத்தைப் பிசகி எழுதினாலும் பெரும்பாலும் கணக்கு இடித்துவிடும்.

இவ்வளவு கவனமாகப் பொறித்த எண்ணை நாம்தான் கண்டுகொள்வதில்லை. நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் எனக்கு முன்பு இருந்தவர் பெயரில் இன்னமும் தபால் வருகிறது. ரீகால் கடிதமும் அப்படித்தான், முதல் உரிமையாளரின் விலாசத்துக்குப் போய்விடுகிறது. டயர் தேய்மானம், ஓடிய கிலோமீட்டர், பெயின்ட் எல்லாம் பார்த்துப் பேரம் பேசுகிறவர்கள் ரீகால் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. ஆனால், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

பெயர் மாற்றத்துக்குக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அன்றே அந்த எண்ணைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வேலையை முடித்து, ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். நாளை உங்களிடம் வண்டி வாங்குபவருக்கும் அது பயன்படும்.